ஃபூஜி மலையில் உச்சிக்கு 376 மீட்டர் கீழே: முதல்முறை ஏறிய ஒரு தம்பதியின் நிகழ்வு ஆய்வு

2025 ஆகஸ்ட் முதல் வாரத்தில், ஒரு வேலை நாளில், டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் வசிக்கும் ஒரு கொங்கு நாட்டுத் தம்பதி ஃபூஜி மலை ஏறப் போனார்கள். கணவருக்கு 34 வயது, மனைவிக்கு 31. இருவரும் மென்பொருள் துறையில் இருப்பவர்கள். 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலைவிடுதிவரை போய், அங்கே இரவைக் கழித்து, உச்சிக்குப் போகாமல் மறுநாள் காலை இறங்கி வந்துவிட்டார்கள். யாருக்கும் எலும்பு முறியவில்லை, மீட்புப் படை வரவில்லை. செய்தியில் இடம்பிடிக்க எதுவும் இல்லை.

அதே ஆண்டு ஏப்ரலில், சீசன் இல்லாத நேரத்தில் ஃபூஜியில் ஏறி மீட்கப்பட்ட ஒரு மாணவர், விட்டுவந்த கைப்பேசியை எடுக்க நான்கே நாளில் திரும்பிப் போய் இரண்டாம் முறையும் மீட்கப்பட்டார். உலகம் முழுக்கப் பேசினார்கள். அப்படிப்பட்டவை அபூர்வம். ஃபூஜியில் முதல்முறை ஏறுகிறவர்களுக்குச் சாதாரணமாக நடப்பது இந்தத் தம்பதிக்கு நடந்ததுதான். இவர்கள் ஒரு விதியையும் மீறவில்லை. கட்டணம் கட்டினார்கள், விடுதியில் முன்பதிவு செய்தார்கள், மழையுடை, குளிருடை, கணுக்கால் மூடிய காலணி எல்லாம் வைத்திருந்தார்கள். அப்படியும் நள்ளிரவில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றால் காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

இருவரும் எனக்கு நெருக்கமானவர்கள். பெயர் சொல்லாமல் எழுதச் சம்மதித்தார்கள். நான் அவர்களோடு போகவில்லை. இங்கே வரும் நேரங்கள் கணவருடைய கைக்கடிகாரப் பதிவிலிருந்தும் இருவரும் எடுத்த படங்களிலிருந்தும் எடுத்தவை. நடந்ததை இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். சில இடங்களில் இருவர் சொன்னதும் பொருந்தவில்லை. அங்கெல்லாம் கடிகாரத்தையே நம்பினேன்.

மலையும் அதன் வாசலும்

ஃபூஜியின் உயரம் 3,776 மீட்டர். கடைசியாக வெடித்தது 1707இல். கயிறு கட்டி ஏற வேண்டிய மலை கிடையாது. கோடையில் பாதை தெளிவாக இருக்கும், வழியெங்கும் விடுதிகள், தண்ணீர் விற்கும் கடைகள், காசு போட்டால் கழிப்பறை. நான்கு பாதைகளில் யோஷிதா பாதைக்குத்தான் கூட்டம் அதிகம். டோக்கியோவின் ஷின்ஜுகுவில் பஸ் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் 2,305 மீட்டரில் உள்ள ஐந்தாவது நிலையத்தில் இறக்கிவிடும் (நிலையம் என்பது அடிவாரத்திலிருந்து உச்சிவரை பாதையைப் பிரித்து வைத்த கட்டம்). இந்த வசதிதான் முதல்முறை வருகிறவர்களை இழுக்கிறது. பிரச்சினை தொடங்குவதும் இந்த வசதியில்தான். ஊட்டியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். கடல் மட்டத்தில் காபி குடித்துவிட்டுக் கிளம்பியவர், மதியத்துக்குள் தொட்டபெட்டா உச்சியைவிட உயரமான இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். உடம்புக்கு அது தெரியவே சில மணி நேரம் ஆகும்.

2013இல் உலகப் பாரம்பரியச் சின்னமானபின் கூட்டம் பெருகியது. சாயங்காலம் டோக்கியோவில் கிளம்பி, விடிய விடியத் தூங்காமல் ஏறி, உச்சியில் சூரிய உதயம் பார்த்து, அப்படியே இறங்கி ஊர் திரும்புவதை ஜப்பானில் ‘தோட்டா ஏற்றம்’ என்பார்கள். அப்படி ஏறுகிறவர்கள் பாதையோரம் சுருண்டு படுத்துக் கிடப்பது வழக்கமான காட்சியாகிவிட்டது. அதைத் தடுக்க யமனாஷி மாகாணம் 2024இல் யோஷிதா பாதையின் தொடக்கத்தில் ஒரு வாசல் வைத்தது. நாளொன்றுக்கு 4,000 பேர், ஆளுக்கு 2,000 யென், மாலை 4 மணியிலிருந்து அதிகாலை 3 மணிவரை விடுதிப் பதிவு இல்லாதவர்களுக்கு அனுமதி கிடையாது. 2025இல் கட்டணம் 4,000 யென் ஆனது, வாசல் மதியம் 2 மணிக்கே மூடப்பட்டது. ஷிசுவோக்கா பக்கத்துப் பாதைகளிலும் அதே கட்டணம் வந்தது.

நான் இந்த வாசலை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அது தடுப்பது ஒரேயொரு வகைத் தவறை. விடுதிப் பதிவு இருந்தால் உள்ளே விடுவார்கள், எந்த உயரத்து விடுதி என்று யாரும் கேட்பதில்லை.

திட்டம்

இருவருக்கும் மலைப் பழக்கம் இல்லை. ஊரில் பழநி, மருதமலைப் படி ஏறியிருக்கிறார்கள். கணவர் வாரத்தில் சில நாள் ஜிம் போகிறவர், நன்றாக ஓடுவார். மனைவிக்கு நடை மட்டும்தான். பயிற்சிக்காக டோக்கியோ பக்கத்துத் தகாவோ மலைக்குப் போய்வந்தார்கள். அது 599 மீட்டர்.

விடுதியைத் தேர்ந்தெடுத்தவர் கணவர். யோஷிதா பாதையில் ஏழாவது நிலையத்திலிருந்து மேலே பல விடுதிகள் உண்டு. 2,700 மீட்டரில் தொடங்கி 3,400க்கும் மேலேவரை இருக்கின்றன. அவர் 3,400 மீட்டரில் உள்ள ஒன்றை எடுத்தார். அவர் சொன்ன காரணம்: “உச்சிக்குப் பக்கத்துல படுத்தா ரெண்டு மணிவரைக்கும் தூங்கலாம்ணா. எந்திரிச்சு ஒன்றரை மணி நேரம் ஏறினா சூரிய உதயம் பார்த்துடலாம்.” கேட்டால் யாருக்கும் சரி என்றுதான் படும். மேல் விடுதிகள் சீக்கிரம் நிரம்புவதற்கும் இதுவே காரணம்.

அன்று நடந்தது

காலை 10.20க்கு ஐந்தாவது நிலையம். டோக்கியோவில் அன்று 34 டிகிரி. அங்கே இதமான குளிர். வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை, ஏறத் தொடங்குமுன் அங்கேயே ஒரு மணி நேரமாவது சும்மா இருக்க வேண்டும் என்பது. இவர்கள் கேன் ஆக்ஸிஜன் ஒன்று வாங்கி, படம் எடுத்து, 10.40க்கு நடக்கத் தொடங்கிவிட்டார்கள். மனைவிக்கு இன்னும் கொஞ்சம் உட்காரலாம் என்றிருந்தது. “கூட்டம் சேர்றதுக்குள்ள போயிடலாம்” என்றார் கணவர்.

ஆறாவது நிலையம்வரை பாதை எளிது. அப்புறம் வளைந்து வளைந்து ஏறி ஏழாவது நிலையம். அங்கிருந்து எட்டாவது நிலையம்வரை உறைந்த எரிமலைப் பாறை, சில இடங்களில் கை வைத்து ஏற வேண்டும். ஜிம் உடம்பு இங்கே நன்றாக வேலை செய்தது. கணவர் முன்னால் போய் ஒவ்வொரு விடுதி வாசலிலும் மனைவிக்காகக் காத்திருந்தார். காத்திருந்ததை அவர் ஓய்வு என்று கணக்கு வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தால், ஏறும்போதெல்லாம் இதயத்துடிப்பு 160க்கு மேல். மனைவி ஒரே சீரான வேகத்தில் வந்தார். மூக்கால் மூச்சுவிட முடியாத வேகம் வந்தால் நடையைக் குறைத்துக்கொண்டதாகச் சொன்னார். இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

2.20க்கு விடுதி. சுமார் ஐந்து மணி நேரம் எடுக்க வேண்டிய ஏற்றத்தை 3 மணி 40 நிமிடத்தில் முடித்திருக்கிறார்கள். அதுவரை கணவர் குடித்தது அரை லிட்டர் தண்ணீர். கழிப்பறைக்கு ஒவ்வொரு முறையும் 200, 300 யென், வரிசை வேறு. அதனால் குறைத்துக் குடித்தேன் என்றார். இதைச் செய்யாதவர்களே குறைவு.

மூன்று மணிக்குப் படுத்துத் தூங்கிவிட்டார். நடந்ததில் இதைத்தான் நான் மிகவும் கவனிக்கச் சொல்வேன். விழித்திருக்கும்போது காற்றுக் குறைவை உணர்ந்து உடம்பு கொஞ்சம் வேகமாக மூச்சு விடும். தூங்கினால் மூச்சு ஆழம் குறையும், விட்டு விட்டு வரும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும். உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. 3,400 மீட்டரிலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. வந்தவுடன் படுக்காமல், வெளியே மெல்ல நடந்து, ஆழமாக மூச்சுவிட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் அந்த இரண்டு மணி நேரம் அவருக்குச் சாதகமாக இருந்திருக்கும்.

ஐந்து மணிக்கு எழுந்தபோது நெற்றியில் வலி. வெயில் என்று நினைத்துப் பாராசிட்டமால் போட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு விடுதியில் ‘கறி ரைஸ்’, அதாவது குழம்பு ஊற்றிய சோறு. ஜப்பானில் அந்தக் குழம்பில் பெரும்பாலும் மாட்டு, பன்றி இறைச்சிச் சாறு கலந்திருக்கும் என்பதால் மனைவி புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். கணவரால் இரண்டு வாய்க்கு மேல் முடியவில்லை. எட்டு மணிக்கு விளக்கு அணைந்தது. தோளோடு தோள் உரசும் படுக்கை.

11.30க்கு வலி அவரை எழுப்பியது. குமட்டல், நிமிர்ந்தால் தலைசுற்றல். உச்சிக்குக் கிளம்புகிறவர்கள் அந்த நேரத்திலிருந்தே எழுந்து பையைக் கட்டத் தொடங்குவார்கள், நெற்றி விளக்கு வெளிச்சம் முகத்தில் அடிக்கும். கடிகாரம் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 82 சதவீதம் என்றது. மனைவிக்கும் போட்டுப் பார்த்தார்கள், 84. அவருக்குத் தலைவலியே இல்லை. மணிக்கட்டுக் கடிகாரத்தின் இந்த எண்ணைப் பெரிதாக நம்பக் கூடாது. எண் ஒன்றுபோல இருந்தாலும் ஒருவருக்கு நோய் வரும், இன்னொருவருக்கு வராது. கேன் ஆக்ஸிஜனை மூன்று நிமிடம் இழுத்தார், அந்த மூன்று நிமிடம் நன்றாக இருந்தது. கேனில் அவ்வளவுதான் இருக்கும்.

இந்த இடத்தில் மனைவி செய்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவால் வரும் உயர நோயை அளக்க லேக் லூயிஸ் மதிப்பெண் என்று ஒரு முறை உண்டு. தலைவலி, வயிற்றுக் கோளாறு, சோர்வு, தலைசுற்றல் நான்குக்கும் 0 முதல் 3வரை. தலைவலியோடு மொத்தம் 3 வந்தால் உயர நோய். அவர் அதைக் கைப்பேசியில் சேமித்து வைத்திருந்தார். தலைவலிக்கு 2, மற்ற மூன்றுக்கும் ஒவ்வொன்று, மொத்தம் 5. லேசான வகையின் மேல் விளிம்பு. பிறகு கணவரை எழுந்து நிற்கவைத்து, ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். தடுமாறாமல் நடந்தார். தடுமாறியிருந்தாலோ, பேச்சு குழறியிருந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கியிருந்தாலோ, அது மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கிறது என்பதற்கான அறிகுறி. அப்போது இருட்டு, குளிர் என்று பார்க்காமல் விடுதிக்காரர்களை எழுப்பி உடனே இறக்கியாக வேண்டும்.

கணவர், “நீ மட்டும் போய்ப் பார்த்துட்டு வா, நான் இங்கயே இருக்கேன்” என்றிருக்கிறார். மனைவி திருப்பிக் கேட்டது: “உங்களை இங்க விட்டுட்டு நான் மேல போய் என்னத்தைப் பார்க்கறதுங்க?”

இதைப் பாசம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது, சரியான மருத்துவ முடிவும்கூட. உயர நோய் முற்றினால் முதலில் குழம்புவது நோயாளியின் புத்திதான். தனக்கு மோசமாகிறது என்று அவருக்கே தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். உச்சிக்குப் போய்வர, அந்த வரிசையில் நின்று ஏறினால், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி விடியும்வரை இருந்தார்கள். அரை மணிக்கு ஒருமுறை சில மடக்கு தண்ணீர். 4.50 வாக்கில் விடுதி வாசலிலிருந்தே உதயம் பார்த்தார்கள். யோஷிதா பாதை மலையின் வடகிழக்குச் சரிவில் இருக்கிறது. அங்குள்ள விடுதிகளிலிருந்தே சூரியன் எழுவது தெரியும். உச்சியில்தான் பார்க்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்பதைக் கிளம்புமுன் இவர்களுக்குச் சொல்ல ஆளில்லாமல் போனது வருத்தம்தான். இதை முன்பே அறிந்திருந்தால் அந்த உயரத்து விடுதியையே எடுத்திருக்க மாட்டார்கள்.

இறக்கம்

5.20க்குக் கிளம்பினார்கள். இறங்கும் பாதை தனி. புல்டோசர் போகும் அகலமான வளைவுகள், காலடியில் உருளும் எரிமலைச் சரளை. ஃபூஜியில் சறுக்கி விழுவது இங்கேதான் அதிகம்.

கொஞ்ச தூரத்திலேயே எதோயா என்ற விடுதியருகே பாதை பிரிகிறது. ஒன்று யோஷிதா, மற்றது சுபாஷிரி. யோஷிதாவுக்கு மஞ்சள் பலகை, சுபாஷிரிக்குச் சிவப்பு. தவறவிட்டால் மலையின் வேறு பக்கத்தில், வேறு மாகாணத்தில் போய் நிற்க வேண்டும். அங்கிருந்து விட்ட பஸ்ஸைப் பிடிக்க வழியே இல்லை, டாக்சி பிடித்தால் செலவு கொஞ்சமாக இருக்காது. ஆண்டுதோறும் ஏராளமானவர்கள் இங்கே மாறிப் போகிறார்கள். பனிமூட்டத்தில், தூக்கமில்லாத கண்ணோடு, முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்து நடந்தால் அப்படித்தான் ஆகும். கணவர் சிவப்புப் பக்கம் சில அடி போய்விட்டார். மனைவி பலகையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

2,900 மீட்டருக்குக் கீழே வந்தபோது தலைவலி பாதியானது. 2,700 தாண்டியதும் பசி என்றார். வேறு மருந்தில்லாமல் இறக்கத்திலேயே குணமானதால் அது உயர நோய்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இப்போது சிரமம் மனைவிக்கு. காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டாததால் கட்டைவிரல் முன்னால் இடித்து நகம் கறுத்துவிட்டது, முழங்காலிலும் வலி. தகாவோவில் பயிற்சி எடுத்தால் இதற்குப் போதாது. டான்சாவா பகுதியின் தோ-நோ-தாகே, 1,491 மீட்டர், ஓகுரா பக்கமாக ஏறி இறங்கினால் ஒரே நாளில் 1,200 மீட்டர் இறக்கம் கிடைக்கும். முழங்காலுக்கு அதுவே உண்மையான ஒத்திகை. 8.45க்கு ஐந்தாவது நிலையம் வந்து சேர்ந்தார்கள்.

எங்கே தவறியது

வேகம், தண்ணீர், பகல் தூக்கம் மூன்றும் சேர்ந்து கெடுத்தன. ஆனால் இந்த மூன்றையும் திருத்தினாலும் 3,400 மீட்டரில் முதல் இரவு என்பது அப்படியேதான் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து கிளம்பி ஒரே நாளில் 2,800 மீட்டருக்கு மேலே போய்ப் படுத்தால், இதற்கு முன் உயர நோய் வராதவருக்கும் நடுத்தர அபாயம் உண்டு என்று மலை மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. உடற்பயிற்சி இதில் பாதுகாப்புத் தராது. பயிற்சி உள்ளவர் வேகமாக ஏறிவிடுவதால் அவருக்கே சில நேரம் சீக்கிரம் வருகிறது. ‘இவ்வளவு ஓடுகிற எனக்கா’ என்று கணவர் இன்னமும் கேட்கிறார். அவர் உடம்பில் எந்தக் குறையும் இல்லை, யாருக்கும் வரக்கூடியதுதான்.

மொத்தத் திட்டமும் உச்சியில் உதயம் என்ற ஒரே ஆசையைச் சுற்றிப் போட்டது. அந்த ஆசைக்கு மேல் விடுதி தேவைப்பட்டது, மேல் விடுதிக்குச் சீக்கிரம் போக வேகம் தேவைப்பட்டது, வேகத்துக்குப் பின் தூக்கம் வந்தது. எங்கே படுப்பது என்பதிலிருந்து திட்டத்தைத் தொடங்கியிருந்தால் மற்ற எல்லாமே மாறியிருக்கும்.

அப்படிப் போட்டால் எப்படி இருக்கும் என்று அவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். ஐந்தாவது நிலையத்தில் ஒரு மணி நேரம் இருந்து 11.30க்குத் தொடக்கம். மூன்று மணிக்குள் ஏழாவது நிலையத்தில், 2,800 மீட்டரை ஒட்டிய விடுதி. உதயம் அதன் வாசலில். 5.15க்கு வெளிச்சத்தில் ஏற்றம், நெற்றி விளக்கு வரிசை எல்லாம் முன்பே போயிருக்கும். 9.30 வாக்கில் எரிமலை வாய் விளிம்பு. கோடையில் பிற்பகல் இடி மின்னல் வரும் என்பதால் 11 மணிக்குமேல் மேலே இருக்கக் கூடாது. மதியம் மூன்றுக்குள் கீழே. இரண்டாம் நாள் நீளமாகிறது, காலுக்கு வேலை கூடுகிறது. தலைக்கு வேலை குறைகிறது. அசெட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கேட்டார்கள். ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து எடுத்தால் உயரத்துக்கு உடம்பு பழக உதவும், ஆனால் சல்ஃபா வகை மருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம். மருத்துவரைப் பார்த்து அவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் என்று சொன்னேன்.

ஒரு விஷயத்தில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. யோஷிதா பாதை முடிகிற இடம் மலையின் மிக உயர்ந்த புள்ளி இல்லை. 3,776 மீட்டர் என்பது வாயின் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் கெங்காமினே. அங்கே போய் வாயைச் சுற்றிவர ஒன்றரை மணி நேரம் ஆகும். கணவருக்கு அது வேண்டும். முதல்முறைக்கு விளிம்பு போதும் என்பது என் கருத்து. கடைசியில் மனைவி ஒரு நிபந்தனை எழுதினார்: 9 மணிக்குள் விளிம்பைத் தொட்டு, இருவருக்கும் தலைவலி இல்லாமல் இருந்தால் மட்டும் கெங்காமினே. விடுதிப் பதிவு வசந்தத்தில் தொடங்கும். 3,000 மீட்டருக்குக் கீழே படுக்கை கிடைக்காவிட்டால் அந்த ஆண்டு போவதில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.